சீட்டிப் பாவாடை மூன்று, சீட்டி ரவிக்கை நான்கு

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் உறையைப் பிரித்தபோது கடிதத்தோடு ஒரு துணித் துணுக்கும் மேசையில் விழுந்தது. உள்ளங்கை அகலம்தான். முதலில் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன். கடிதத்தை அப்புறம்தான் படித்தேன்.

மற்ற வாசகர்களுக்காக நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி பக்கம் தையல் கடை வைத்திருக்கிறீர்கள். பூப்போட்ட பருத்தித் துணியில் பாவாடையும் சட்டையும் தைத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டும் விற்கிறீர்கள். அப்பாயி காலமான பிறகு அவர்களுடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது கல்யாணச் சீர் எழுதிய தாள் ஒன்று கிடைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய துணுக்கும் அந்தப் பெட்டியில் இருந்ததுதான். குத்துவிளக்கு, தவலை, அண்டா என்று போகும் பட்டியலில் "சீட்டிப் பாவாடை 3, சீட்டி ரவிக்கை 4" என்று ஒரு வரி. "சீட்டின்னா விசில்தானேம்மா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். சீட்டுப் பணத்தில் வாங்கிய பாவாடையாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது தமிழ்தானா, நீங்கள் விற்கும் துணிக்கு அந்தப் பெயரை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "கலம்காரின்னு போட்டாத்தான் விக்கும்" என்று துணி கொடுப்பவர் சொல்கிறாராம்.

வைக்கலாம். தாராளமாக வைக்கலாம். கலம்காரி என்று மட்டும் போடாதீர்கள், அது கைவேலைத் துணிக்கு உள்ள பெயர். காரணத்தைச் சொல்கிறேன்.

சீட்டி என்றால் அச்சடித்த பருத்தித் துணி. பெரும்பாலும் பூ, கொடி, இலை. வெள்ளை அல்லது வெளிர் நிறத் தரையில் சிறு சிறு பூவாகச் சிதறிக் கிடக்கும். அகராதிகளில் இன்றும் இருக்கிறது. நம் வீடுகளில்தான் கேட்பதில்லை. அச்சு வேறு, நெசவு வேறு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தறியிலேயே நூலால் போட்ட பூ புட்டா. அதைச் சீட்டி என்று சொல்லக்கூடாது. கட்டம் போட்டது, கோடு போட்டது, ஊசியால் பூத்தையல் போட்டது, எதுவும் சீட்டி ஆகாது. மதுரைச் சுங்குடியிலும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். ஆனால் அது துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த புள்ளி. அதுவும் இதில் சேராது.

உங்கள் மகள் கேட்டதில் தப்பே இல்லை. விசிலுக்கும் சீட்டி என்ற சொல் உண்டு. "சீட்டி அடித்தான்" என்று கதைகளில் நிறையப் பார்க்கலாம். இரண்டும் வடக்கிலிருந்து வந்த சொற்கள், ஆனால் ஒரே சொல் அல்ல. விசில் என்ற பொருளுள்ளதை இந்தியில் ஸீட்டி என்பார்கள், 'ஸ' ஒலியில். துணியைச் சொல்வது 'ச்சீண்ட்' என்று அழுத்தமான 'ச்ச' ஒலியில் தொடங்கும். நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்பதால், தமிழுக்குள் வந்ததும் இரண்டும் ஒரே முகமாகிவிட்டன. சீட்டுக்கு இந்த இரண்டோடும் சம்பந்தம் இல்லை. அது காகிதத்தோடு போகும் சொல்.

அந்த இந்திச் சொல்லுக்குத் தெறித்த துளி, தெளித்த புள்ளி என்று பொருள். புள்ளியும் பூவும் தெறித்துக் கிடக்கும் துணிக்கு அதுவே பெயராயிற்று. சித்திரம் என்ற வடசொல்லோடு உறவு சொல்பவர்களும் உண்டு. மராத்தியிலும் இது சீட்தான். தஞ்சாவூரில் மராத்தியர் 1676 முதல் 1855 வரை இருந்தார்கள். அரண்மனையிலும் கடைத்தெருவிலும் மராத்தியும் தக்காண உருதும் புழங்கின. ஜவுளிச் சொல் ஒன்று இங்கே வந்து உட்கார அதைவிட நல்ல இடம் வேண்டுமா? இறுதியில் ஓர் இகரத்தைச் சேர்த்து நம் நாக்குக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டோம்.

அதனால் "தமிழ்தானா" என்ற கேள்விக்கு என் பதில்: பிறந்த இடம் வேறு, வளர்ந்த இடம் இது. அலமாரியும் சாவியும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவை. அவற்றை யாரும் வெளியே அனுப்பவில்லை. உங்கள் அப்பாயியின் சீர்க் குறிப்பில் தவலைக்கும் அண்டாவுக்கும் கீழே கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சொல்லை நாம் ஏன் அந்நியமாகப் பார்க்க வேண்டும்?

பூவேலை செய்த துணி நமக்கு அதற்கும் முந்தியது. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், அவன் பொருநனுக்குக் கொடுத்த உடையை "நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து, அரவுரி அன்ன அறுவை" என்று சொல்லியிருக்கிறது. கண் பார்வை நூலுக்குள் நுழைய முடியாத நுட்பம், பூவேலை நிறைந்தது, பாம்புச் சட்டை போல மெல்லியது. அந்தப் பூ அச்சா, நெசவா, ஊசி வேலையா என்று அடித்துச் சொல்ல அந்த வரி இடம் தரவில்லை. அதனால் "சங்க காலச் சீட்டி" என்றெல்லாம் படத்துக்குக் கீழே எழுதிவிடாதீர்கள். ஆனால் காவிரிக் கரையில் பூப்போட்ட துணியின் மேல் ஆசை இன்று நேற்று வந்ததில்லை என்பது உறுதி.

எனக்கு இந்தச் சொல் அகராதி வேலைக்கு வந்த பிறகு தெரிந்ததில்லை. அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவேன். அறுவடை முடிந்து கையில் காசு வந்ததும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வருவார்கள். ஜமக்காளத்தில் உட்கார்ந்து, "பாப்பாவுக்கு ஒரு பாவாடைக்குச் சீட்டி எடுங்க" என்பார்கள். அப்பா நாலு துணிக்கட்டுகளை விரித்துப் போடுவார். கேட்பவர் பூவைப் பார்ப்பதற்கு முன்னால் துணியின் ஓரத்தை எச்சிலில் தொட்டு, உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்ப்பார். கையில் நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். "சாயம் போவுமா?" என்று கேட்பார். "கெட்டிச் சாயம் ஆத்தா" என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் விலை. பிறகு கஜக்கோலால் அளந்து, கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டு, சர்ரென்று கிழிப்பார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கேள்வியை மறக்காதீர்கள்: சாயம் போகுமா? சீட்டியின் சரித்திரம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

துணியில் நிறம் பூசுவது பெரிய காரியமில்லை. துவைத்த பிறகும் நிற்க வைப்பதுதான் வித்தை. நம் கரையில் அந்த வித்தை இருந்தது. துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு, பின்னால் வரும் நிறத்தைப் பிடித்து வைக்க. பாலின் கொழுப்பு, எழுதும்போது மை ஊறிப் பரவாமல் இருக்க. சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பையே பூச மாட்டார்கள். படிகாரக் கரைசலைத்தான் பூசுவார்கள். அப்புறம் துணி முழுவதையும் சாயவேர் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய நிறம் ஆற்று நீரிலும் வெயிலிலும் போட்டுப் போட்டு எடுக்க வெளுத்துவிடும். சாயவேரை வைத்தியர்கள் இம்பூறல் என்பார்கள். கடலோர மணலில் முளைக்கும் சின்னச் செடி, வேர்தான் சரக்கு. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட நீர். நீலத்துக்கு அவுரி. நீலம் ஏறக்கூடாத இடத்தை எல்லாம் மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் இறக்குவார்கள்.

ஐரோப்பாவில் இது தெரியாது. அங்கே துணியில் எழுதிய பூ ஒரு துவைப்பில் கரைந்தது. நம்முடையது துவைக்கத் துவைக்கத் தெளிந்தது. அதனால்தான் கப்பல்கள் வந்தன. உங்களுக்குக் கிழக்கே இருக்கும் கரையை மட்டும் எண்ணிப் பாருங்கள்: தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்கள், நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர்கள், காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள். மிளகு, முத்து எல்லாம் இருந்தாலும், இந்தக் கரைக்கு அவர்களை இழுத்துக் கட்டிவைத்தது துணி. 1742-ல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இங்குள்ளவர்கள் துணியில் எப்படி வண்ணம் எழுதுகிறார்கள் என்று படிப்படியாகக் கேட்டறிந்து நீண்ட கடிதமாகத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம், பதில் சொன்ன சாயக்காரர்களின் பெயர் அதில் இருந்திருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

துணியோடு சொல்லும் கப்பலேறியது. ஆங்கிலத்தில் அதை முதலில் சின்ட் என்றார்கள். பல துணிகளுக்குச் சின்ட்ஸ் என்று பன்மை சொன்னார்கள். போகப்போகப் பன்மையே ஒருமையாகிவிட்டது. டச்சுக்காரர்கள் ஸிட்ஸ் என்றார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் சீத்தை என்பார்கள், சிங்களத்தில் சீத்த. எல்லாம் நம் சீட்டியின் உடன்பிறப்புகள். ஆங்கில நாவலை மொழிபெயர்ப்பவர்கள் "சின்ட்ஸ் திரைச்சீலை" என்று எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வீட்டுப் பிள்ளை வெளியூர் போய்த் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான், நாம் "யாருங்க?" என்று கேட்கிறோம். பூப்போட்ட சீட்டித் திரை என்று எழுதினால் போதும், யாருக்கும் விளங்கும்.

அங்கே அந்தத் துணி பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். தங்கள் நெசவாளர் பிழைப்புப் போகிறது என்று பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை இருந்தது. இங்கிலாந்து 1700-ல் நம் அச்சுத் துணியை இறக்கக்கூடாது என்றது. 1721-ல் உடுத்தவே கூடாது என்றது. அதற்கு முன்பே, 1719-ல், லண்டனில் நெசவாளர்கள் இந்தத் துணி உடுத்தி வந்த பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். அந்தச் சட்டம் நீங்கியது 1774-ல். அதற்குள் அவர்களே அச்சடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிறகு உருளை அச்சு இயந்திரம் வந்தது. மில் துணி மலிந்தது. அந்த மலிவான பூத்துணி கப்பலில் நம் ஊருக்கே வந்து இறங்கியது. ஆக, இங்கே கையால் எழுதிய துணிக்கு வெளியே வழங்கிய பெயர், இங்கே கடைத்தெருவில் மில் அச்சுத் துணிக்குப் பெயராயிற்று. தஞ்சாவூர் அரண்மனைக்காகச் சரிகை போட்டு நெய்து, அதன் மேல் மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய கோடாலி கருப்பூர்ச் சேலை, 1855-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சாவூரை எடுத்துக்கொண்ட பிறகு கேட்பாரின்றிப் போனது. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். சேலையை இன்று அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும்.

இனி உங்கள் துணுக்குக்கு வருகிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளிர் தரையில் சிவப்புப் பூ, கறுப்புக் கோட்டில் வரைந்த ஓரம். சிவப்பு கோட்டுக்குள் சரியாக உட்காரவில்லை. ஒரு நூல் அளவு வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. துணுக்கில் ஏழு பூ இருக்கிறது. ஏழிலும் அதே பக்கம், அதே அளவு. கையால் எழுதினால் பிசகு ஒவ்வொரு பூவிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். இப்படி ஒன்றுபோல் பிசகுவது இயந்திர அச்சு. புரட்டிப் பார்த்தால் பின்பக்கத்தில் பூ மங்கலாக, நிழல் மாதிரிதான் தெரிகிறது. கையால் எழுதிச் சாயத்தில் கொதித்த துணியில் நிறம் மறுபக்கம் வரை ஊறியிருக்கும். அதனால் இது மில் சீட்டி. உங்கள் அப்பாயியின் சீர் எழுதியவர் சரியான சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்.

கையால் எழுதிய பழைய துணி உங்கள் கைக்கு வந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஒரு பழைய வீட்டில் மரப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த துணியில்தான் நான் அதை முதலில் கவனித்தேன். பூ சிவப்பு, ஆனால் இலையெல்லாம் நீலம். எழுதியவருக்கு இலை பச்சை என்று தெரியாதா? தெரியும். அந்தக் காலத்தில் பச்சைக்குத் தனிச் சாயம் இல்லை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசிப் பச்சை ஆக்குவார்கள். மற்ற நிறங்கள் நிற்கும், மஞ்சள் மட்டும் நிற்காது. வருஷங்கள் போகப்போக மஞ்சள் வெளிறி, அடியில் இருந்த நீலம் மிஞ்சும். அந்த மூடியின் மடிப்பு ஓரத்தில், வெளிச்சம் படாத ஓர் இடத்தில், ஒரே ஓர் இலை மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது.

கலம்காரி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கலம் என்றால் எழுதுகோல், காரி என்றால் வேலை. பாரசீகத்திலிருந்து வந்த சொல். நம் பக்கத்தில் மூங்கில் குச்சியின் முனையில் துணியையோ கம்பளியையோ சுற்றிக் கட்டி, அதைப் பிழிந்து பிழிந்து எழுதுவார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கோயிலுக்கான விதானமும் தொம்பையும் தோரணமும் எழுதுகிறார்கள். தேரில் உருளையாகத் தொங்குமே, அதுதான் தொம்பை. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்திக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் அதற்கு முன்பே உண்டு. மசூலிப்பட்டினத்தில் கட்டை அச்சு குத்துவதையும் கலம்காரி என்றே சொல்கிறார்கள், அது அவர்கள் வழக்கம். ஆனால் அதுவும் மனிதக் கை தூக்கி வைக்கும் அச்சு. உங்களுக்குத் துணி கொடுப்பவர் அனுப்புவது, நீங்கள் எழுதிய விலையைப் பார்த்தால், மில்லில் அடித்த பூ. அதைக் கலம்காரி என்று போட்டால், வாங்குபவர் ஏமாறுவது ஒரு பக்கம். நாள் முழுக்கக் குனிந்து எழுதுகிறவர் கேட்கும் விலை அதனால் அநியாயமாகத் தோன்றும் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். "இதே கலம்காரி அங்கே முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று அவரிடமே போய்ச் சொல்வார்கள்.

சீட்டி என்று போடுங்கள். அது உண்மை, அழகு, நம்முடையது. "சீட்டிப் பாவாடை, அச்சடித்த பருத்தி, கெட்டிச் சாயம்" என்று ஒரு வரி போதும். சாயம் நிஜமாகவே நிற்கிறதா என்று நீங்களே ஒரு துண்டை உப்பு நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, வெள்ளைத் துணியோடு சேர்த்துக் கசக்கிப் பார்த்துவிட்டு அந்தக் கடைசிச் சொல்லைச் சேருங்கள். பாலியெஸ்டரில் அடித்த பூவுக்கு இந்தப் பெயர் வேண்டாம். சீட்டி என்றால் பருத்தி என்று எதிர்பார்ப்பார்கள், வெயிலில் போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எழுதும்போது ஒற்று விடாதீர்கள்: சீட்டித் துணி, சீட்டிப் பாவாடை, சீட்டிச் சட்டை. ரவிக்கைக்கு முன்னால் ஒற்று வராது: சீட்டி ரவிக்கை. உங்கள் அப்பாயியின் தாளிலும் இரண்டும் சரியாக இருக்கின்றன. எழுதியவர் நன்றாகப் படித்தவராக இருக்க வேண்டும். அச்சடிப்பதைச் "சீட்டி அடிப்பது" என்று மட்டும் எழுத வேண்டாம், மறுபடி விசிலுக்குப் போய்விடும். அச்சடித்த சீட்டி, பூ அச்சு என்று எழுதலாம்.

துணுக்கைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். வெயில் படும் சுவர் வேண்டாம், சிவப்பு போய்விடும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டவும் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மாட்டாமல் பெட்டியில் வைப்பதானால், பலமுறை துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்து, மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள். ஒரே இடத்தில் மடித்தால் அங்கேதான் முதலில் இற்றுப்போகும். நாஃப்தலின் உருண்டை நேராகத் துணியில் படக்கூடாது. பெட்டியில் நொச்சி இலையும் வேப்பிலையும் நிழலில் உலர்த்தி ஒரு துணிப்பையில் கட்டிப் போடலாம்; அப்பாயி என்ன போட்டிருந்தார்கள் என்று தெரிந்தால் அதையே போடுங்கள், இத்தனை வருஷம் காத்திருக்கிறதே.

துணுக்கை அப்படியே ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி, இன்று காலை விரைவுத் தபாலில் உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். சீர்க் குறிப்பின் தாளையும் இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். துணியின் பெயர் இன்னும் ஏதாவது அதில் இருந்தால் அதையும் பார்த்துச் சொல்கிறேன்.